மாடியில் தொலைநோக்கியா, வளவில் மரச்சட்டமா?

சூரிய வெடிப்புகளை வீட்டிலிருந்தே கவனிக்க வேண்டும் என்ற ஆசையில் மூன்று வழிகளை முயன்று பார்த்துவிட்டேன். வெள்ளொளி ஃபில்டர் போட்ட சிறு தொலைநோக்கி, நண்பரிடம் இரவல் வாங்கிய ஹெச்-ஆல்ஃபா தொலைநோக்கி, கடைசியாக எங்கள் காரைக்குடி வீட்டு வளவில் நிற்கும் ஒரு மரச்சட்ட ஆன்டெனா. நிலைத்தது மூன்றாவதுதான். ஆகவே நடுநிலையான அலசலை எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும்.

வெள்ளொளி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வரும் வெளிச்சத்தில் லட்சத்தில் ஒரு பங்கை மட்டும் உள்ளே விடும் ஃபிலிமைத் தொலைநோக்கியின் முன்வாயில் மாட்டினால் சூரியப் புள்ளிகள் தெரியும். செலவு குறைவு. 2024 மே மாதம் வந்த 3664 எண் புள்ளிக்கூட்டத்துக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. கிரகணக் கண்ணாடியே போதுமானதாக இருந்தது. ஆனால் இதில் தெரிவது வெடிமருந்துக் கிடங்குதான், வெடி இல்லை. வெள்ளொளியில் வெடிப்பையே நேரில் பார்க்கும் பாக்கியம் 1859 செப்டம்பர் 1 அன்று இங்கிலாந்தில் வானியலாளர் கேரிங்டனுக்குக் கிடைத்தது. அதுவும் சில நிமிடம்தான். அதை நம்பிச் சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் தவம் கிடக்க முடியுமா?

ஹெச்-ஆல்ஃபா வேறு ரகம். ஹைட்ரஜன் உமிழும் 656.3 நானோமீட்டர் சிவப்பை மட்டும் பிரித்துக் காட்டும். சூரிய விளிம்பில் எழும் பிழம்பு வளைவுகள், வட்டின் மேல் கறுத்த இழைகள், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு ஃபிளேர், அதாவது சூரிய வெடிப்பு, பளிச்சென்று பற்றிக்கொள்வது, எல்லாம் கண்ணாலேயே பார்க்கலாம். அழகுக்கு மதிப்பெண் என்றால் மறுபேச்சில்லாமல் இதற்குத்தான். என் கையில் இருந்தது பத்தே நாள் என்பதால் அதற்கு மேல் புகழ எனக்குத் தகுதியில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது அழகு இல்லை, பராமரிப்பு. நம்மூர் செம்மண் புழுதி எதற்குள்ளும் புகும். ஐப்பசி ஈரம் அதற்கு அண்ணன். ஹெச்-ஆல்ஃபா கருவியின் உள்ளே இருக்கும் ஃபில்டர் அடுக்கு ஈரத்தில் வருடக்கணக்கில் இருந்தால் மங்கிப்போகும்; வீட்டில் கழற்றித் துடைக்கிற சமாசாரம் இல்லை. லட்சத்தை ஒட்டிய விலை கொடுத்து வாங்கியதை சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு குழந்தை மாதிரி பொத்திப் பொத்தி வைக்க வேண்டும். பத்து நாளும் எனக்குச் சரியான தூக்கமில்லை. வெள்ளொளி ஃபிலிம் மலிவுதான், ஆனால் ஒவ்வொரு முறையும் விளக்குக்கு நேராகப் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். ஒருநாள் அப்படிப் பிடித்தபோது நட்சத்திரம் மாதிரி இரண்டு புள்ளிகள் மின்னின. எலி வேலை. பார்க்காமல் மாட்டியிருந்தால் கண் போயிருக்கும்.

இனி மரச்சட்டம். ஃபிளேர் வெடித்தால் அதன் எக்ஸ் கதிர் எட்டு நிமிடத்துச் சொச்சத்தில் பூமிக்கு வந்து, 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் காற்று மண்டலத்தில் உள்ள டி அடுக்கைச் சட்டென்று அயனியாக்குகிறது. நீர்மூழ்கிகளுக்காக இரவு பகலாக ஒலிபரப்பாகும் மிகத் தாழ் அதிர்வெண் ரேடியோ அலைகள் இந்த அடுக்கில் பட்டுத்தான் தூர தேசம் போகின்றன. அடுக்கு மாறினால் அலையின் பலமும் மாறும். அந்தப் பலத்தை நாள் முழுக்கக் கோடாக வரைந்துகொண்டே இருந்தால் போதும். மேகமோ மழையோ குறுக்கே வராது.

செய்முறை எளிது. குறுக்கே கட்டிய இரண்டு ரீப்பர், மீட்டர் அகலச் சதுரம், மோட்டார் வைண்டிங் கடையில் வாங்கிய எனாமல் கம்பி அறுபது சுற்று, ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர், பழைய லேப்டாப். நொடிக்கு 48,000 மாதிரி எடுக்கும் சாதாரண சவுண்ட் கார்டு 24 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும். நான் கேட்பது ஆஸ்திரேலியாவின் வடமேற்கு முனை நிலையம், 19.8 கிலோஹெர்ட்ஸ். திருநெல்வேலிப் பக்கம் விஜயநாராயணத்தில் நம் கடற்படையின் 18.2 கிலோஹெர்ட்ஸ் நிலையம் இருக்கிறதே என்பீர்கள். அது இருநூறு கிலோமீட்டர் சொச்சத்தில் இருப்பதால் டி அடுக்கைத் தொடாமல் தரையோடு வரும் அலையே காதைக் கிழிக்கிறது. நல்லவேளை, இங்கிருந்து ஆஸ்திரேலியா தென்கிழக்கே, விஜயநாராயணம் தென்தென்மேற்கே. சட்டத்தின் தளத்தை ஒன்றை நோக்கித் திருப்பினால் மற்றது ஏறக்குறைய செங்குத்தாகி அடங்கிவிடுகிறது.

பராமரிப்பு என்றால் இதில் ஒன்றுதான்: மின்சார இரைச்சல். எல்இடி பல்பு, இன்வெர்ட்டர், போர் மோட்டார் எல்லாமே கோட்டைக் கிறுக்கும். இங்கேதான் செட்டிநாடு கைகொடுக்கிறது. எட்டுப் பங்கு வீட்டில் நாங்கள் இரண்டு குடும்பம்; சுற்றிலும் பூட்டிக் கிடக்கும் வீடுகள். சென்னை ஃபிளாட்டில் இந்த அமைதி கிடைக்காது. அப்படியும் தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு ஓர் இரைச்சல் வந்தது. ஒரு வாரம் தேடிக் கடைசியில் சாமி வீட்டு சீரியல் லைட் என்று கண்டுபிடித்தேன்.

“அப்பத்தா, அந்த லைட்டை மட்டும் அணைச்சுக்கிடட்டுமா?”

“சாமிக்கு வெளிச்சம் கூடாதுன்னு எந்த ஊர்ல சொல்லிக் குடுத்தாக? சரி போ, எண்ணெ வெளக்கே ஏத்திக்கிறேன்.”

2024 மே 11, காலை 6.53. சூரியன் பக்கத்து வீட்டுத் தென்னையைத் தாண்டவில்லை, தொலைநோக்கி உறையைக்கூடக் கழற்றவில்லை. லேப்டாப்பில் கோடு விருட்டென்று எழும்பி, மெல்ல மெல்ல இறங்கியது, சுறாத் துடுப்பு மாதிரி. எக்ஸ்5.8 ஃபிளேர் என்று பிறகு செய்தியில் வந்தது. எக்ஸ் என்பது வெடிப்புகளில் உச்ச வகை.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். இரவில் டி அடுக்கே கரைந்துவிடும். மூன்று நாள் கழித்து அதே புள்ளிக்கூட்டம் எக்ஸ்8.7 வெடித்தபோது இங்கே இரவு பத்தேகால் தாண்டியிருந்தது. என் கோட்டுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அப்புறம், சூரியனிலிருந்து கிளம்பி ஒன்று முதல் மூன்று நாளில் வந்து சேரும் பிளாஸ்மா மேகம், அதாவது சி.எம்.இ., இதில் தெரியாது. அதற்கு சூரிய வட்டை மறைத்துப் பார்க்கும் கருவி வேண்டும். சோஹோ விண்கலம் 1995 டிசம்பரில் கிளம்பி அதைக் காட்டுகிறது. 2024 ஜனவரி 6 அன்று தன் சுற்றுப்பாதையை அடைந்த நம் ஆதித்யா-எல்1 விண்கலத்திலும் அதற்கென ஒரு கருவி உண்டு. ஆகவே அந்தப் படங்களைப் பார்க்க செல்போன் கையில் இருந்தே தீரும். அந்த மேகம் வந்து மோதினாலும் நாம் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் துருவ ஒளியில் வானம் சிவக்காது. அந்த மே மாதம் லடாக்கின் ஹான்லேயில் சிவந்தது. ஆனால் மேகம் மோதி எழும் காந்தப் புயலை இங்கேயும் காந்தமானி வைத்துப் பிடிக்கலாம். 1859 புயலை மும்பை கொலாபாவில் அப்படித்தான் பதிவு செய்தார்கள். எங்கள் வீட்டு பர்மா தேக்குத் தூணால் அதற்குத் தொல்லையில்லை, மேலே ஓடும் இரும்பு உத்திரம்தான் பயமுறுத்துகிறது. முயன்று பார்க்காமல் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

மறுவிற்பனை? சட்டத்துக்குப் பழைய இரும்புக் கடைக்காரர் செம்பு எடைதான் போடுவார்.

அடுத்த மாதம் பங்காளி வீட்டுக் கல்யாணம். வளவு முழுக்க ஐந்து நாள் சீரியல் செட், வாசலில் ஜெனரேட்டர். தொலைநோக்கியைத் துடைத்து, புது ஃபிலிம் வெட்டி வைத்திருக்கிறேன்.