பெட்டியில் இருந்த இரண்டு சொற்களை நம்பி ஏமாந்தேன்: ஹெட்போன் வாங்கப் போகிறவர்களின் கவனத்திற்கு

வெள்ளவத்தையில் காலி வீதியோரத் தொடர்மாடி ஒன்றில் இருந்தபடி, நேர்காணல் ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கும் வேலையைச் செய்து வருகிறேன். ஒரு சொல்லைப் பிழையாகக் கேட்டாலே பேசியவரின் கருத்து மாறிவிடக்கூடிய வேலை அது. பஸ் ஹோர்ன்களுக்கும் முச்சக்கரவண்டிகளின் இரைச்சலுக்கும் நடுவே அதைச் செய்ய முடியாமல், காதை முழுவதுமாக மூடுகின்ற, பின்புறம் அடைபட்ட ஹெட்போன் ஒன்றை வாங்குவதற்காகப் பம்பலப்பிட்டியில் உள்ள ஒரு கடைக்குச் சென்றேன். நாளொன்றுக்கு ஐந்தாறு மணித்தியாலம் அணிய வேண்டும் என்பதையும், நான் மூக்குக்கண்ணாடி போடுபவள் என்பதையும் விற்பனையாளரிடம் தெளிவாகவே சொன்னேன்.

அவர் எடுத்துத் தந்த பெட்டியில் "நொய்ஸ் கான்சலிங்", அதாவது இரைச்சலை நீக்குவது, என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. ஒருமுறை போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். "சீல் உடைச்சால் பிறகு விற்க ஏலாது அக்கா, பெட்டியிலேயே போட்டிருக்குத்தானே" என்றார். 14,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அந்த இடத்தில் நான் எழுந்து வந்திருக்க வேண்டும்.

வீட்டில் அணிந்தபோது வெளிச்சத்தம் ஏறக்குறைய அப்படியே கேட்டது. பெட்டியை மறுபடி வாசித்த பிறகே, பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருந்த "ஈஎன்சி" என்ற குறிப்பு கண்ணில் பட்டது. அது ஒலிவாங்கிக்கு உரிய வசதி. நாம் அழைப்பில் பேசும்போது நம்மைச் சுற்றியுள்ள இரைச்சல் மறுமுனையில் இருப்பவருக்குக் கேட்காமல் குறைப்பதுதான் அதன் வேலை; நமது காதுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. நமது காதுக்குள் வரும் சத்தத்தை மின்னணு முறையில் குறைப்பது "ஏஎன்சி" எனப்படும் வேறொரு வசதி. ஒரே பெயரை இரண்டுக்கும் போட்டு விற்பதைத்தான் நான் ஏமாற்று என்கிறேன்.

அணிவதற்கும் அது உகந்ததாக இருக்கவில்லை. காதைச் சுற்றி அமரும் மெத்தையின் உள்வட்டத்தை அடிமட்டம் வைத்து அளந்தபோது நாலரை சென்ரிமீற்றர் இருந்தது. என் காதின் நீளமோ ஆறு. காது மெத்தைக்குள் அடங்காமல் அதன் கீழ் நசுங்கியது, மடல் உள்ளேயிருந்த பிளாஸ்டிக் வலையில் உரசியது, அரை மணித்தியாலத்தில் கண்ணாடிக் காம்பு அழுத்திய இடம் சிவந்துவிட்டது. காதை மூடும் கிண்ணத்தின் பின்புறத்தில் அலங்காரம் என்று நான் நினைத்த நாலு கோடுகளும் உண்மையில் திறந்த துளைகள். விரலால் அவற்றை அடைத்தால் சத்தம் குறைந்தது, எடுத்தால் கூடியது.

ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்யும் என் சித்தப்பாவின் மகன் தன்னுடைய சென்ஹைசர் எச்டி 280 புரோவை ஒரு மாலை தந்தபோதுதான் வேறுபாடு விளங்கியது. தயாரிப்பாளர் 32 டெசிபெல் வரை வெளிச்சத்தம் குறையும் என்று சொல்லும் ஹெட்போன் அது. பிடிமானம் சற்று இறுக்கம்தான், ஆனாலும் ஹோர்ன் சத்தம் எங்கோ தொலைவுக்குப் போய்விட்டது. பஸ் இயந்திரத்தின் தாழ்ந்த உறுமல் மட்டும் ஓரளவு கேட்டது. தாழ்ந்த ஒலிகளை மெத்தையால் மட்டும் தடுப்பது கடினம் என்றும், தொடர்ச்சியான அத்தகைய உறுமலுக்கு ஏஎன்சிதான் கைகொடுக்கும் என்றும் அவன் விளக்கினான். மாதிரி எண்ணையும் கவனிக்கச் சொன்னான்: பெயர்டைனமிக் நிறுவனத்தின் ஹெட்போன்களில் டிடி 770 அடைபட்டது, 880 பாதி திறந்தது, 990 முழுதும் திறந்தது. கடையில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைத் தந்தால் பெட்டியைப் பார்த்துப் பலருக்குத் தெரியாது.

ஆகவே பாட்டு எதுவும் போடாமல், கண்ணாடியையும் கழற்றாமல், கடையிலேயே பத்து நிமிடமாவது அணிந்திருங்கள். பிறகு இரு கிண்ணங்களையும் உள்ளங்கையால் மெதுவாக அழுத்துங்கள். அழுத்தும்போது வெளிச்சத்தம் சட்டென்று குறைந்தால், மெத்தை உங்கள் தலையோடு சரியாகப் பொருந்தவில்லை, எங்கோ இடைவெளி இருக்கிறது என்று பொருள். கண்ணாடிக் காம்பு நுழையும் இடத்தில்தான் பெரும்பாலும் அந்த இடைவெளி விழும். அணிந்து பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

மறுநாளே திருப்பிக் கொண்டுபோனேன். சீல் உடைந்துவிட்டது என்று கூறி மறுத்தார்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் நுகர்வோரைத் தவறாக வழிநடத்துவதைத் தடை செய்கிறது என்பதால், அந்த அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம் என்று எண்ணினேன். ஆனால் என் பற்றுச்சீட்டில் "ஹெட்போன் 1" என்பதைத் தவிர மாதிரியோ, அடைபட்டது என்ற சொல்லோ இல்லை. அதை எழுதித் தரும்படி பணம் கொடுக்கும்போதே நான் கேட்டிருக்க வேண்டும். நீங்கள் கேளுங்கள். முறைப்பாட்டைப் பெட்டியின் படங்களோடு எழுத்தில் அனுப்பியிருக்கிறேன், பதிலுக்குக் காத்திருக்கிறேன். சென்ற சனிக்கிழமை அவ்வழியே போனபோது, அதே பெட்டிகள் மூன்று கண்ணாடி அலுமாரியில் அடுக்கியிருந்தன.