மரக்கன்றா, மழைநீர்த் தொட்டியா?

சென்னையில் குடியிருப்போர் நலச் சங்கம் ஆட்களைத் திரட்டினால், முதலில் தோன்றும் யோசனை மரம் நடுவது. நல்லதுதான், பிள்ளைகளும் ஆசையாக வருவார்கள். ஆனால் முதல் இரண்டு கோடைக்கும் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும், மாடு மேயாமல் கூண்டு வேண்டும்.

மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் தொட்டியைத் தூர்வாருவது படம் எடுத்துப் போடும்படியான வேலை இல்லை. தமிழகத்தில் மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமானதால் நிறைய வீடுகளில் அமைப்பு இருக்கிறது; ஆனால் பல இடங்களில் மணலும் சருகும் அடைத்துக் கிடக்கின்றன. செப்டம்பரிலேயே, நீரை வடிகட்டத் தொட்டிக்குள் போட்டிருக்கும் கூழாங்கல்லை எடுத்துக் கழுவிப் போட்டுவிட்டால், வடகிழக்குப் பருவமழை நிலத்துக்குள் இறங்கும். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருந்த தெருக்களுக்கு இதன் அருமை தெரியும்.

இரண்டில் ஒரு வேலைக்குத்தான் ஆள் இருக்கிறதா? சரி, முதலில் தொட்டி. மழை தொடங்கியதும் புங்கையோ வேம்போ நடலாம்.