எல்லா மாட்டுக்கும் டியூப் போடுவதா, பார்த்துப் போடுவதா?

அடுத்த கன்றுக்கு முன் கறவையை நிறுத்தும் நாளில் நான்கு காம்பிலும் ஆன்டிபயாடிக் டியூப் ஏற்றி மாட்டைத் தனியாக விடுவது பல பண்ணைகளில் இன்றும் வழக்கம். எங்கள் மந்தையில் அதை நிறுத்திவிட்டோம். மடியில் தொற்று இருக்கும் மாட்டுக்கு மட்டும் மருந்து. மற்றவற்றுக்குக் காம்பை அடைக்கும் சீலன்ட் மட்டும். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லா மாட்டுக்கும் மருந்து என்ற முறையைக் குறைத்துப் பேச முடியாது. 1960-களில் பிரிட்டனில் மடிநோய்க் கட்டுப்பாட்டுக்காக உருவான ஐந்து அம்சத் திட்டத்தில் அதுவும் ஒன்று. கறந்த பின் காம்பை மருந்தில் முக்குவது, நோய் கண்டதும் சிகிச்சை, தீராத மாட்டைக் கழிப்பது, கறவை இயந்திரப் பராமரிப்பு ஆகியவை மற்ற நான்கு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே, ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற, மாட்டுக்கு மாடு தொற்றும் கிருமிகள் மலிந்திருந்த காலம் அது. கறவையில் இருக்கும்போது தருவதைவிட கறவை நின்ற வற்றுக்காலத்தில் தரும் மருந்து அவற்றை நன்றாகவே குணப்படுத்தியது. எந்த மாட்டுக்கு, எதற்கு என்று யோசிக்கவும் வேண்டாம். அந்த எளிமைதான் அதன் பெரிய பலம்.

ஆனால் தொற்றே இல்லாத மடிக்கும் மருந்து போகிறது. கிருமிகள் மருந்துக்கு எதிர்ப்புத்திறன் பெறுவதைப் பற்றிய கவலை வளர்ந்ததும் ஐரோப்பிய ஒன்றியம் இப்படி வழக்கமாகத் தருவதைத் தடுத்தது. அந்தச் சட்டம் 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. நெதர்லாந்து அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்தப் பாதையில் போய்விட்டது.

சரி, மருந்தை வெறுமனே நிறுத்திவிட்டால் போதுமா? போதாது. நெதர்லாந்தில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், பாலில் சோமாட்டிக் செல் எண்ணிக்கை (பெரும்பாலும் வெள்ளையணுக்கள்; மடியில் தொற்று வந்தால் கூடும்) குறைவாக இருந்த மாடுகளின் மடியில் பாதிக்கு மருந்து கொடுத்து, மீதிப் பாதியைச் சும்மா விட்டார்கள். சும்மா விட்ட பகுதிகளில் வெளிப்படையான மடிநோய் 1.7 மடங்கு வந்தது. அந்த ஆய்வில் சீலன்ட் போடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கறவை நின்றதும் காம்புத் துளையைக் கெரட்டின் என்ற மெழுகு போன்ற பொருள் அடைத்துக்கொள்ளும் என்று நம்பியிருக்கிறோம். ஆனால் ஆறு வாரம் கழித்தும் 23 சதவீதக் காம்புகள் திறந்தே இருந்ததாக வேறோர் ஆய்வு காட்டியது. அதிகம் கறக்கும் மாட்டைச் சட்டென்று நிறுத்தினால் இந்த ஆபத்து கூடுகிறது. பிஸ்மத் சப்நைட்ரேட் பசையாலான சீலன்ட் செய்வது இந்த அடைப்பின் வேலையைத்தான். சீலன்ட் சேர்த்துச் செய்த பிற்கால ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், தொற்றில்லாத மாட்டுக்கு மருந்தை விட்டதால் மடிநலம் கெட்டதாகத் தெரியவில்லை. அமெரிக்காவில் 7 பண்ணைகளில் செய்து 2020-இல் வெளியான ஆய்வில் ஆன்டிபயாடிக் பயன்பாடு பாதிக்கும் மேல், 55 சதவீதம் குறைந்தது.

செலவு, பால் அளவு போன்றவற்றை நான் அதிகம் பேசப்போவதில்லை. மருந்தில்லாத மாடு நாளுக்கு முன்னே கன்று போட்டால் பாலில் மருந்து எச்சம் என்ற பதற்றம் இல்லை. அது ஒரு கூடுதல் நிம்மதி, அவ்வளவுதான்.

இந்த இரண்டு முறைகளுக்கு இடையே தேர்வைத் தீர்மானிப்பது பதிவேடு. ஒவ்வொரு மாட்டுக்கும் தனித்தனியாக, மாதாமாதம் எடுத்த சோமாட்டிக் செல் எண்ணிக்கையும், அந்த ஈத்தில் (கன்று போட்டதிலிருந்து கறவை நிற்கும் வரை) மடிநோய் வந்ததா என்ற குறிப்பும் உங்களிடம் இருக்கிறதா? இல்லை என்றால் சீலன்ட் மட்டும் போதும் என்ற பேச்சை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். சீலன்டில் மருந்து கிடையாது. உள்ளே ஏற்கெனவே கிருமி இருந்தால் அதை அது ஒன்றும் செய்யாது.

ஒரே ஒரு அளவீட்டை வைத்து முடிவெடுக்கவும் கூடாது. மில்லிக்கு 2 லட்சம் செல் என்பது பரவலாகப் பயன்படும் எல்லை. ஆனால் ஒரு மாட்டின் எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறி இறங்கும். பால் குறையக் குறைய செல்கள் செறிந்து கணக்கு கூடும். அதனால் கடைசி மூன்று மாதக் கணக்கைச் சேர்த்துப் பார்க்கிறோம். இன்னொரு சிக்கலும் உண்டு. நான்கு காம்பின் பாலும் கலந்த மாதிரியில் ஒரு காம்பின் கெடுதி மறைந்துவிடும். ஒரு காம்பில் 5 லட்சம், மற்ற மூன்றில் 50 ஆயிரம் வீதம் என்று வையுங்கள். சம அளவு பால் வந்தால் கலப்பில் வருவது 1,62,500. தாளில் அது நல்ல மாடு! அதனால்தான் கறவை நிறுத்தும் நாளில் நான்கு காம்பையும் தனித்தனியாகக் கலிஃபோர்னியா மடிநோய்ச் சோதனையிலும் பார்த்துவிடுகிறோம். 1957-இல் வந்த பழைய முறைதான். பாலும் சோதனைக் கரைசலும் சேர்ந்து கூழாகிறதா என்று தட்டில் பார்ப்பது. கூழானாலும் மருந்து, கணக்கு கூடியிருந்தாலும் மருந்து, அந்த ஈத்தில் மடிநோய் வந்திருந்தாலும் மருந்து. சந்தேகம் வந்தால் மருந்துப் பக்கமே போகிறோம். அந்த மாட்டுக்கும் மருந்துக்குப் பின் சீலன்ட் உண்டு.

நெதர்லாந்தின் வழிகாட்டுதல் நாங்கள் வைத்திருப்பதைவிடக் கறாரானது: முதல் ஈத்து மாட்டுக்கு 1.5 லட்சம், மற்றவற்றுக்கு 50 ஆயிரம். அதற்குக் கீழே இருந்தால் மருந்து இல்லை. எந்த எல்லை நல்லது என்பதை உங்கள் கால்நடை மருத்துவரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

சீலன்ட் ஏற்றும் கை சுத்தமாக இருப்பதில் துளியும் விட்டுக்கொடுக்க முடியாது. மருந்து டியூபோடு கொஞ்சம் அழுக்கு போனாலும் மருந்து அதைச் சமாளிக்கக்கூடும். சீலன்டோடு போனால் கிருமியை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திய கதை. மாடு செத்துப்போகும் அளவுக்குப் போகலாம். கையுறை போட்டு, எட்டத்துக் காம்பை முதலில் துடைத்துக் கிட்டத்துக் காம்பைப் பிறகு துடையுங்கள். ஏற்றும்போது கிட்டத்துக் காம்பிலிருந்து தொடங்குங்கள். அப்போதுதான் துடைத்த காம்பில் கை படாது. சீலன்ட் ஏற்றும்போது காம்பின் மேல்முனையை விரலால் இறுக்கிப் பிடிக்க வேண்டும், மேலே நீவக் கூடாது. கன்று போட்டதும் முதல் பீய்ச்சல்களைக் கையால் பீய்ச்சிப் பசையை வெளியேற்றுங்கள்.

மந்தையின் பால் முழுவதும் சேரும் தொட்டியில் செல் எண்ணிக்கை 2.5 லட்சத்துக்கு மேலே நிற்கும் பண்ணை, தொற்றும் மடிநோய் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் பண்ணை ஆகியவை முதலில் எல்லா மாட்டுக்கும் மருந்து கொடுத்து அதை அடக்குவதே நல்லது என்பேன். கையால் கறக்கும் சிறு மந்தைகளில் இந்த முறையை நான் அருகிலிருந்து பார்த்ததில்லை. இயந்திரக் கறவையில் கிடைத்த என் அனுபவத்தை அங்கே அப்படியே பொருத்த வேண்டாம். புதிதாக வாங்கி வரும் சினை மாடு எங்களிடமும் விதிவிலக்குதான்: அதன் பழைய கணக்கு கையில் இல்லாத வரை, அதற்கு மருந்தும் சீலன்டும் இரண்டுமே.