திருநெல்வேலி ஜமேக்காச் சாப்பாட்டுக் கடை: கறிக்கு மூன்றரை, கதைக்கு ஐந்து

யாழ்ப்பாணக் கம்பஸுக்குப் பின்னால் ஒரு ஒழுங்கைக்குள், லண்டனில் பஸ் கராஜில் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்த அண்ணை ஒருவர் நடத்துகிற கடை. ஆறு மேசைதான். ஞாயிறு மத்தியானம் அம்மாவையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனேன். சாப்பாடு வர முக்கால் மணித்தியாலம் ஆனது, அதற்குள் தம்பி இரண்டு தரம் கொத்து ரொட்டிக் கடையை ஞாபகப்படுத்திவிட்டான்.

ஆட்டுக்கறி நல்லது, ஆனால் எங்கள் வாய்க்குப் பெரிய புதுமை இல்லை. 1845 முதல் ஜமேக்காவுக்குக் கூலி வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட இந்தியர்களின் கைப்பக்குவம் அதில் இருக்கிறது, மஞ்சள் கொஞ்சம் தூக்கல். அந்த ஊர் மிளகாய் இங்கே கிடைக்காததால் நைமிரிஸ் போடுகிறாராம், கிட்டத்தட்ட ஒரே இனம், உறைப்பு காதுவரை போனது. கிட்னி பீன்ஸை தேங்காய்ப்பாலில் சோற்றோடு அவித்துத் தருகிறார், நான் திரும்பப் போனால் அதற்குத்தான்.

சுவர் முழுக்க, ஜமேக்கா மாதிரியான கரீபியன் தீவுகளில் இருந்து லண்டனுக்குப் போய்க் குடியேறியவர்களின் பழைய படங்கள். 1948 ஜூன் 22 லண்டனுக்குக் கிட்ட டில்பரித் துறைமுகத்தில் அவர்களை இறக்கிய விண்ட்ரஷ் கப்பல், தங்க இடமில்லாத 200க்கு மேற்பட்டவர்களைப் படுக்க வைத்த கிளாப்பம் சவுத் நிலக்கீழ் பதுங்குகுழி, அதற்குக் கிட்ட வேலை தேடிப் போன இடம் பிரிக்ஸ்டனில் இருந்ததால் அங்கேயே அறை பிடித்துத் தங்கியவர்கள். 1956 முதல் பார்படோஸில் இருந்து லண்டன் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் ஆள் எடுத்தார்கள், கப்பல் காசு கடன், சம்பளத்தில் கழித்தது. அந்தக் காலத்தில் கறுப்பர் என்றால் பல வீட்டுக்காரர் அறை தரமாட்டார்கள், தந்தாலும் குடும்பமே ஒற்றை அறையில், மண்ணெண்ணெய் ஹீட்டரில் குளிர் காய்ந்துகொண்டு. பிள்ளைகளை ஊரில் அம்மம்மாவிடம் விட்டுவிட்டு வந்த தாய்மாரும் இருந்தார்கள்.

வங்கிக் கடனும் லேசில் கிடைக்காததால் அவர்கள் பிடித்தது பார்ட்னர். கிழமைக்குக் கிழமை எல்லாரும் காசு போட, முறை வந்தவர் மொத்தத்தையும் எடுப்பார். கழிவு கேட்கிற ஏலம் மட்டும் இல்லை, மற்றபடி எங்கள் சீட்டேதான். வீட்டுக்கு முற்பணம் கட்டியது அதில். "உன் மாமி ஈஸ்ட்ஹாமில் வீடு வாங்கியதும் சீட்டுக் காசில்தானே" என்றார் அம்மா. அதற்குப் பிறகு அண்ணையும் அம்மாவும் கதைத்த கதையில் என் கறி ஆறிப்போனது.

படங்களுக்குக் கீழே எழுதியிருப்பதெல்லாம் ஆங்கிலத்தில். அதனால் ஒவ்வொரு மேசைக்கும் அண்ணையே அடுப்பை விட்டு வந்து விளக்குகிறார், சாப்பாடு பிந்துவதும் அதனால்தான். அண்ணை, தமிழில் எழுதி ஒட்டுங்கோ. ஆட்டுக்கறி ஞாயிறு மட்டும், ஒரு தட்டு 1,800 ரூபாய், முதல் நாளே போன் பண்ணிச் சொல்லிவிட்டுப் போங்கள்.