ஒராங்குட்டான் படம், பிரதி எண் 63/150

மலேசியாவின் சபா மாநிலத்தில், கோத்தா கினபாலுவில் ஒரு சின்ன ஓவியக் கடையில் வாங்கியது. போர்னியோ ஆண் ஒராங்குட்டான். முகமும் ஒரு கையும் மட்டும். கலர் பென்சில் ஓவியத்தின் அச்சு, ஏ2 அளவு, 150 பிரதிகள்தான். விலை 420 ரிங்கிட், பிரேம் தனி.

நான் முதலில் பார்த்தது முகத்தை அல்ல, கையை. பெரும்பாலான குரங்குகளுக்கு முன்கை முடி மணிக்கட்டை நோக்கிப் படிந்திருக்கும். ஒராங்குட்டானுக்கு முழங்கையை நோக்கி மேலேறும். 1850களில் போர்னியோவின் சரவாக் காடுகளில் திரிந்த இயற்கை ஆய்வாளர் வாலஸ், மழையில் அது கையை மடக்கித் தலைக்கு மேல் வைத்துக்கொள்ளும்போது தண்ணீர் முழங்கை வழியாக வடியத்தான் இந்த அமைப்பு என்றார். மலிவு போஸ்டர்களில் இதை யாரும் கவனிப்பதில்லை. இந்த ஓவியர் கவனித்திருக்கிறார். செம்பட்டை இழைகள் இரண்டு பக்கமிருந்தும் வந்து முழங்கையில் கூடுகின்றன. கட்டை விரலும் அளவுக்குச் சரியாகக் குட்டை. கன்னத் தசை மடல்கள் அகலமாக, சற்று முன்னால் வளைந்து நிற்கின்றன. சுமத்ரா ஆணுக்கு இவ்வளவு வளைவு இருக்காது.

கண்ணில் நீர் கோத்து அதை நம்மிடம் கெஞ்ச வைக்கவில்லை என்பதும் பெரிய நிம்மதி. 'நீ யார்?' என்றுகூடக் கேட்காத ஒரு பார்வை.

அச்சுக்கு முழு மதிப்பெண் தர முடியாது. காகிதம் கனமான பருத்திக் காகிதம், நிறமி மை, அதெல்லாம் சரி. ஆனால் தொண்டைப் பைக்குக் கீழே நிழல் மொத்தமாகக் கறுத்துவிட்டது. கடையில் மாட்டியிருந்த மூல ஓவியத்தில் அங்கே பழுப்புக் கோடுகள் தெளிவாகத் தெரிந்தன.

அப்புறம் அந்த '150' விஷயம். ஓரத்தில் பென்சிலால் எண்ணும் கையெழுத்தும் இருக்கின்றன, சான்றிதழும் தந்தார்கள். அதில் ஏ2 அளவில் 150 என்றுதான் எழுதியிருக்கிறது. வேறு அளவில் வருமா என்று கேட்டேன், "வரலாம்" என்றார்கள். அப்படியானால் நாளைக்கு விலை ஏறும் என்று நம்பி வாங்குவதில் அர்த்தமில்லை. 'ஒரு பங்கு வனவிலங்குப் பாதுகாப்புக்கு' என்றும் போட்டிருந்தார்கள். யாருக்கு, எவ்வளவு என்பதற்குப் பதில் இல்லை. கொடுக்க நினைப்பவர்களுக்கு 1964 முதல் இயங்கும் செப்பிலோக் ஒராங்குட்டான் மறுவாழ்வு மையம் அதே சபாவில்தான் இருக்கிறது, நேராகவே கொடுக்கலாம்.

பிரேம் போடும்போது கண்ணாடி படத்தைத் தொடாமல் நடுவில் அமிலமில்லாத மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். நம் ஊர் ஈரத்துக்குக் காகிதம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்க முடியாது. லேமினேட் செய்து தருகிறேன் என்பார்கள், வேண்டவே வேண்டாம்.