தாமத மெசேஜ்: ராபிட்எம்க்யூவா, எஸ்க்யூஎஸ்ஸா, அஸூரா?

ஆர்டர் போட்டவர் 30 நிமிடத்துக்குள் பணம் கட்டவில்லை என்றால் ஆர்டரை ரத்து செய்ய வேண்டும். ஆர்டர் வந்ததுமே, 30 நிமிடம் கழித்து வந்து சேரும்படி ஒரு மெசேஜ் போட்டுவைப்பது வழி. இதற்கு க்யூ (மெசேஜ்களை வரிசையில் வைத்துக் கொடுக்கும் மென்பொருள்) தேடும்போது தாமத வசதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, அந்த 30 நிமிடமும் மெசேஜ் எங்கே கிடக்கிறது என்று பாருங்கள்.

ராபிட்எம்க்யூவில் பழைய வழி, மெசேஜுக்கு டிடிஎல் (காலாவதி நேரம்) வைத்து யாருமே படிக்காத க்யூவில் போட்டுவிடுவது. காலாவதியானதும், அப்படிப்பட்ட மெசேஜ்களை வேறு க்யூவுக்குத் திருப்பிவிடும் டெட் லெட்டர் எக்ஸ்சேஞ்ச் வழியாக அது உண்மையான க்யூவுக்குப் போகும். சிக்கல் என்னவென்றால், காலாவதியான மெசேஜ் க்யூவின் முன்னுக்கு வந்தால்தான் வெளியேறும். முன்னால் ஒரு மணி நேர மெசேஜ் நின்றால், பின்னால் வந்த 5 நொடி மெசேஜும் ரேஷன் கடை வரிசை மாதிரி நிற்க வேண்டியதுதான். அதனால் ஒவ்வொரு கால அளவுக்கும் தனி க்யூ வையுங்கள். இதைத் தவிர்க்கத்தான் டிலேடு மெசேஜ் பிளகின் என்ற கூடுதல் இணைப்பு வந்தது, மெசேஜுக்கு மெசேஜ் வேறு நேரம் கொடுக்கலாம். ஆனால் காத்திருப்பவை ஒரே ஒரு நோடில் (சர்வரில்), ஒரே பிரதியாக இருக்கும். நோடு போனால் அவையும் போச்சு. லட்சக்கணக்கில் காக்க வைக்க அது சரிப்படாது என்று அதை எழுதியவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

அமேசான் எஸ்க்யூஎஸ்ஸில் இந்தக் கவலை கிடையாது, ஆனால் உச்சவரம்பு 15 நிமிடம், நம் 30 நிமிடக் கதை அங்கேயே முடிந்தது. ஃபிஃபோ க்யூ (வந்த வரிசையிலேயே கொடுப்பது) என்றால் மெசேஜ் வாரியாகத் தாமதமும் கிடையாது, மொத்த க்யூவுக்கும் ஒன்றுதான். விசிபிலிட்டி டைம்அவுட்டை, அதாவது எடுத்த மெசேஜ் மற்றவர் கண்ணில் படாமல் இருக்கும் நேரத்தை, நீட்டி (12 மணி நேரம் வரை போகும்) ஒப்பேற்றுகிறவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் ரிசீவ் எண்ணிக்கை ஏறி, ஒரு பாவமும் அறியாத மெசேஜ் டெட் லெட்டர் க்யூவில் (பலமுறை எடுத்தும் முடியாதவை ஒதுக்கப்படும் இடம்) போய் விழலாம். அதற்கு, குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கிவைக்கும் அமேசானின் ஈவென்ட்பிரிட்ஜ் ஷெட்யூலரே மேல்.

இன்னொரு க்யூவான ராக்கெட்எம்க்யூ 4-இல் தாமதத்துக்கு 1 நொடியிலிருந்து 2 மணி நேரம் வரை 18 நிலைகள்தான்; 30 நிமிடம் அதில் இருக்கிறது, 45 இல்லை. 5-ஆம் பதிப்பில் இந்தக் கட்டுப்பாடு போய்விட்டது. மெசேஜ்களுக்குப் பலர் பயன்படுத்தும் காஃப்காவில் தாமதத்துக்கு நேரடி வசதியே இல்லை.

இந்த வேலைக்கு என் ஓட்டு மைக்ரோசாஃப்டின் அஸூர் சர்வீஸ் பஸ் க்யூவுக்கு. நேரம் குறித்து அனுப்பினால் ஒரு வரிசை எண் திரும்ப வரும், பணம் வந்துவிட்டால் அதை வைத்து மெசேஜை ரத்து செய்யலாம். இருந்தாலும் கடைசி நொடியில் பணமும் மெசேஜும் முட்டிக்கொள்ளும், எனவே ஆர்டரின் நிலையைப் பார்த்துவிட்டுத்தான் ரத்து செய்ய வேண்டும். எந்தக் க்யூ என்றாலும் இது தப்பாது.

நாள் கணக்கில் தாமதம் என்றால் க்யூவே வேண்டாம். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஒரு டேபிள், நேரத்துக்கு ஓர் இண்டெக்ஸ், நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்கிப் லாக்டு (வேறொருவர் பூட்டி வைத்திருக்கும் வரிகளைத் தாண்டிப் போவது) போட்டு எடுத்தால் போதும்.