நடப்பை நடப்போடு வைப்போம்: முதலாளித்துவம், கம்யூனிசம், நானும் நண்பனும்

எனக்கும் என் நண்பனுக்கும் கல்லூரி நாளிலிருந்து இந்தச் சண்டை. அவன் கம்யூனிஸ்ட், நான் சந்தை வேண்டும் என்கிற கட்சி. இத்தனை வருடத்தில் இருவரும் ஒரே தப்பைத்தான் செய்துவந்தோம் என்பது ரொம்பத் தாமதமாகத்தான் உறைத்தது. அவன் தன் கொள்கையின் கனவைக் கொண்டுவந்து என் பக்கத்து நடப்போடு மோதவிடுவான், நான் என் பக்கத்துக் கனவை அவன் பக்கத்து நடப்போடு. சோவியத் என்றால் அவனுக்கு எல்லோருக்கும் பள்ளிக்கூடம், எனக்கு ரொட்டிக்கு வரிசை. இப்படியே விடிய விடியப் பேசலாம், ஒன்றும் நகராது. அதனால் போன முறை ஒரு நிபந்தனை போட்டுக்கொண்டோம்: நடப்பை நடப்போடுதான் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் சோறு. இதில் என் கை ஓங்கும் என்ற தைரியத்தில் நான்தான் ஆரம்பித்தேன். சீனாவில் அன்ஹுய் மாகாணத்தில் சியாவ்காங் என்றொரு கிராமம். 1978 கடைசியில் அங்கே 18 விவசாயிகள் ரகசியமாகக் கூடி ஒரு தாளில் கைநாட்டு வைத்தார்கள். கூட்டாக உழுதுவந்த கம்யூன் நிலத்தைக் குடும்பவாரியாகப் பிரித்துக்கொள்வது, அரசுக்குச் சேரவேண்டியதை அளந்துவிட்டு மிச்சத்தை அவரவர் வைத்துக்கொள்வது, அவ்வளவுதான் விஷயம். ஆனால் அன்றைக்கு அது தலை போகிற குற்றம். அதனால் அந்தத் தாளிலேயே இன்னொன்றும் எழுதிக்கொண்டார்கள்: முன்னின்றவர்கள் சிறைக்குப் போனால், கொல்லப்பட்டால், அவர்களுடைய பிள்ளைகளை 18 வயதுவரை மற்றவர்கள் வளர்ப்பார்கள். அதே மண், அதே ஆட்கள், அடுத்த வருட விளைச்சல் பல மடங்கு. விளைவது தனக்கு என்று தெரிந்தவன் விடியுமுன்னே வயலில் நிற்பான், இதற்குமேல் எனக்கு வேறு வாதம் தேவைப்படவில்லை.

அவன் அசரவில்லை. "பிரிக்கிறதுக்கு நிலம் எப்படிடா வந்தது? புரட்சி நடக்கலைன்னா அந்த 18 பேரும் நிலப்பிரபுகிட்ட குத்தகைக்குத்தானே உழுதிருப்பாங்க?" என்றான். இன்றும் அங்கே விளைநிலம் தனியார் சொத்து கிடையாது, உழுகிற உரிமைதான் குடும்பத்துக்கு. சரி, இதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பஞ்சம் என்று வந்தபோது பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் அவர்களை இருவருமே சாட்சிக்கு அழைத்தோம். சுதந்திரமான பத்திரிகையும் தேர்தலும் உள்ள நாட்டில் பெரும்பஞ்சம் வருவதில்லை என்று அவர் சொன்னதை நான் எடுத்தேன், 1959-61ல் சீனாவில் கோடிக்கணக்கானவர்கள் பட்டினியில் மாண்டபோது மேலே போனதெல்லாம் பொய்க் கணக்குதான் என்பதையும் சேர்த்து. அவன் எடுத்ததும் அதே சென் சொன்னதுதான்: எளியவர்களுக்கு மருத்துவமும் உணவும் ஒழுங்காகப் போய்ச் சேராததால் இந்தியாவில் சாதாரண வருடங்களிலேயே சீனாவைவிடக் கூடுதலாகச் செத்தவர்களைக் கூட்டினால், எட்டு வருடத்துக்கு ஒரு முறை அந்தப் பஞ்சத்தின் கணக்கையே தாண்டிவிடும். பஞ்சத்துச் சாவு செய்தியாகும், தினசரிச் சாவு ஆகாது என்றான். அன்று இரவு முழுக்க இது என் மனதை விட்டுப் போகவில்லை.

அடுத்தது, நான் மிக முக்கியமாக நினைப்பது: கீழே இருக்கிறவன் "ஆபத்து" என்று சொன்னால் மேலே காது கேட்கிறதா?

வங்கதேசத்தில் டாக்காவுக்குப் பக்கத்தில் ராணா பிளாசா என்றொரு கட்டடம். 2013 ஏப்ரல் 23 அன்று சுவரில் விரிசல் கண்டது. கீழ்த்தளத்து வங்கி தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது, கடைகளும் மூடிக்கொண்டன. மேலே தையல் வேலை பார்த்தவர்களை மட்டும் மறுநாள் காலை வரச்சொன்னார்கள், வராவிட்டால் சம்பளம் போகும் என்று மிரட்டலும் சேர்த்து. ஒன்பது மணிக்குள் கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். இதை முன்னால் வைத்துக்கொண்டு சந்தை எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று பேச எனக்கு வாய் வராது.

இதற்குப் பக்கத்தில் சோவியத்தின் செர்னோபில் அணுமின் நிலையத்தை வையுங்கள். 1986 ஏப்ரல் 26, அதிகாலை ஒன்றரை மணிக்குச் சற்று முன் உலை வெடித்தது. மூன்று கிலோமீட்டர் தள்ளியிருந்த பிரிப்யாத் நகரில் அன்றைக்குப் பிள்ளைகள் வெளியே விளையாடினார்கள், ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் மதியம்தான் பேருந்துகள் வந்தன. ஸ்வீடனில் ஓர் அணுமின் நிலையத்துக் கருவிகள் கதிர்வீச்சைக் காட்டிக்கொடுத்த பிறகுதான் உலகத்துக்கே அறிவித்தார்கள், அப்போதும் கீவ் நகரில் மே தின ஊர்வலம் நிற்கவில்லை. அங்கே லாபம் தேடிய முதலாளி ஒருவரும் கிடையாது. மேலிடத்துக்குக் கெட்ட செய்தி சொல்லப் பயம், அவ்வளவுதான்.

ராணா பிளாசா இடிந்த பிறகு தொழிற்சங்கங்களும் வெளிநாட்டு ஆடை நிறுவனங்களும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் போட்டு ஆலைகளைச் சோதிக்க ஆரம்பித்தார்கள். இறந்துபோன தொழிலாளிகளுக்கு அந்தக் கட்டடத்தில் சங்கமே இருக்கவில்லை. நான் சந்தையை ஆதரிப்பது முதலாளியின் நல்ல மனதை நம்பி இல்லை. அங்கே எதிர்த்துச் சங்கம் கட்ட, வழக்குப் போட, ஓட்டை மாற்றிப்போட இடம் கிடைக்கும் என்பதற்காகத்தான். முதலாளியும் போலீஸும் நீதிபதியும் ஒரே கட்சியாக இருந்துவிட்டால் தொழிலாளி எந்தக் கதவைத் தட்டுவது?

அப்போது கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த போலந்தைச் சொன்னேன். 1980 ஆகஸ்டில் லெனின் பெயரில் இருந்த கிதான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் வேலைநிறுத்தம், அதிலிருந்து சாலிடாரிட்டி சங்கம். அடுத்த வருடம் டிசம்பரில் தொழிலாளர் அரசு என்று சொல்லிக்கொண்ட அரசே ராணுவச் சட்டம் போட்டு டாங்கிகளைத் தெருவுக்கு அனுப்பியது. நண்பன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "நான் அங்க இருந்திருந்தா ஸ்ட்ரைக்லதான்டா இருந்திருப்பேன்" என்றான். பிறகு, "அந்தத் தளம் அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா?" என்று கேட்டான்.

தெரியும். சந்தை வந்தது, 1996ல் தளம் திவாலானது. அப்போது அவர்களால் பயமில்லாமல் வீதிக்கு வந்து கத்தமுடிந்ததே என்றேன். வேலை போன குடும்பத்துக்கு அது போதுமா என்றான். போதாது என்றுதான் சொன்னேன்.